உப்புக்காற்றில் ஓடித் தேய்ந்த டீசல் கார்: என்ஜின் வேலைக்கு முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை என்று நம் கரையோரத்தில் கைமாறும் பழைய டீசல் கார்களில் பல, வாடகைக்கு ஓடி ஓய்ந்தவை. இண்டிகா, சுமோ, குவாலிஸ், டவேரா. கொஞ்சம் பிந்தியது என்றால் டிசையர். மீட்டர் மூன்று லட்சம் காட்டும். நடுவில் அது எத்தனை முறை பின்னோக்கிச் சுற்றியது என்று விற்றவர் சொல்லமாட்டார். விலை மலிவு என்று வாங்கி வந்தபின் ஆயில் குடிக்கிறது, காலையில் செல்ஃப் எடுக்கத் திணறுகிறது, பின்னால் பைக்கில் வருகிறவர் புகையில் காணாமல் போகிறார். அப்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "என்ஜின் வேலை பார்த்துடுங்க."

பார்க்கலாம். ஆனால் இந்த வேலையில் காசு கரைவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, அளக்காமல் சாமான் வாங்குவது. இன்னொன்று, எதனால் தேய்ந்தது என்று தெரியாமலே புதுசு போட்டு மூடுவது. காரணம் அப்படியே இருந்தால் புது ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றி, சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையம்) பழைய ரிங் போன வழியிலேதான் போகும். நீங்களே ஸ்பேனர் பிடித்தாலும் சரி, மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் சரி, இந்த இரண்டையும் கடைசிவரை விடாதீர்கள்.

உதாரணத்துக்கு இண்டிகாவின் பழைய 475 என்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 4 சிலிண்டர், 75 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 1405 சி.சி. ஹெட்டுக்குள், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்துக்குள், சின்ன அறை வைத்து அதில் டீசலைப் பீச்சுகிற பழைய மாதிரி. கம்ப்யூட்டர் கிடையாது, பாகம் சுலபமாகக் கிடைக்கும், கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான என்ஜின் இல்லை. மற்ற வண்டிகளுக்கு முறை இதேதான், அளவுகள் மாறும். அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நான் தரும் எண்கள் பொதுக் கணக்கு. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே சரி.

கழற்றுவதற்கு முன்னால்

முதலில் போனெட்டைத் திறந்து எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து என்ஜினுக்கும் பாடிக்கும் போகிற அந்தப் பட்டைக் கம்பி, கடல்காற்றில் உள்ளுக்குள்ளேயே பச்சையாகப் பூத்துப் பொடியாகிவிடும். மேலே உறை நன்றாக இருக்கும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும், டீசல் என்ஜினுக்குத் தேவையான வேகம் கிடைக்காது, வண்டி எடுக்காது. "கம்ப்ரஷன் போச்சு" என்று சொல்லி என்ஜினை இறக்கிய வண்டிகளில் சிலவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு புது எர்த் வயர்தான். அதேபோல ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆவதற்குச் சூடேற்றுவது) நான்கும் வேலை செய்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்பதையும் முடித்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்து புகை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு; நாசில் (டீசலைப் பீச்சுவது), பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், இதற்காக என்ஜினைத் திறக்க வேண்டியதில்லை. காலையில் மட்டும் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றுவிட்டால் எரியாத டீசல். சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட்டில் விரிசலையோ சந்தேகியுங்கள். நீலத்திலும் இரண்டு வகை உண்டு. ரயில்வே கேட்டில் சும்மா நின்றுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலம் வந்து அடங்கினால், வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆளை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

பிறகு 'பேக் கம்ப்ரஷன்'. சூடான என்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தாலோ, ரயில் என்ஜின்போல் புகை அடித்தாலோ எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. பிரீதர் பைப் (உள்ளே சேரும் வாயு வெளியேறும் குழாய்) அடைத்திருந்தாலும் இதே மாதிரி காட்டும், அதனால் அதைச் சுத்தம் செய்துவிட்டு இன்னொருமுறை பாருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பேக் கம்ப்ரஷன் கடுமையாக உள்ள டீசல் என்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டி என்றால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும். அல்லது காற்று இழுக்கும் வாயைப் பலகை வைத்து அடைக்க வேண்டும். கையால் அடைக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்ப்பது. டீசலுக்கான கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் தாங்காது. பேட்டரி முழு சார்ஜில், என்ஜின் சூட்டில், டீசல் சொலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) வயரைக் கழற்றிவிட்டு, நான்கு ஹீட்டர் பிளக்கையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். இந்த மாதிரிப் பழைய டீசலில் நல்ல நிலையில் 28 முதல் 32 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும். 20 பக்கத்தில் வந்துவிட்டால் வேலை வந்துவிட்டது. மொத்த எண்ணைவிட முக்கியம், சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம். மூன்று சிலிண்டர் 27, ஒன்று மட்டும் 17 என்றால், அது பொதுத் தேய்மானம் இல்லை. அந்த ஒன்றில் வால்வோ, ரிங்கோ, கேஸ்கெட்டோ போயிருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஒரு சிலிண்டர் 351 சி.சி.; 22-க்கு 1 என்ற விகிதத்தில் அழுத்தும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 17 சி.சி.தான். அதில் ஒரு கரண்டி ஆயில் போனாலே எண் பொய் சொல்லும். கூடுதலாகப் போனால் கன்ராட் (பிஸ்டனையும் கீழே சுற்றும் கிராங்க் தண்டையும் இணைப்பது) வளையும்.

கடைசியாக ஆயில் பிரஷர். டேஷ்போர்டு விளக்கை நம்பாமல், அந்த சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு கேஜை மாட்டுங்கள். நன்றாகச் சூடானபின் ஐடிலில் 1 பாருக்குக் கீழே போனால் பேரிங்கும் ஆயில் பம்பும் சந்தேக லிஸ்டில்.

ஹாஃபா, ஃபுல்லா

ஹெட் வேலை, ரிங், கன்ராட் பேரிங் மட்டும் போட்டு, கிராங்கை இறக்காமல் முடிப்பதை ஹாஃப் என்ஜின் என்பார்கள். கூலி குறையும், என்ஜினை இறக்காமலே முடிக்கலாம், ஆசையாகத்தான் இருக்கும். ஆயில் பிரஷர் நன்றாக இருந்து, போர் அளவும் வரம்புக்குள் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். அந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் ஃபுல் என்ஜின்தான் சொல்வேன். தேய்ந்த போரில் புது ரிங்கைப் போட்டால் கொஞ்ச நாள் புகை குறையும். பிறகு, மேல்விளிம்பில் தேயாமல் நின்ற படியில் ரிங் மோதி உடையும்.

பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. போதாததற்கு ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ.வில் பதியாமல் ஓட்டினால் எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல். வண்டி 15 வருஷத்தைத் தொட்டிருந்தால் முதலில் ஆர்.சி. புதுப்பிக்க பாடி தாங்குமா என்று பாருங்கள். கடலோரத்தில் என்ஜினுக்கு முன்னால் சேஸும் தரைத் தகடும் போய்விடும். ஸ்குரூடிரைவரால் தட்டினால் ஓட்டை விழுகிற வண்டிக்கு ஃபுல் என்ஜின் வேலை வேண்டாம்.

எப்போது செய்வது என்பதும் இங்கே ஒரு கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். படகு என்ஜின்களுக்கு வேலை பார்க்க அதுதான் சமயம் என்பதால் லேத்திலும் (கடைசல் பட்டறை) டீசல் பம்ப் சரிசெய்யும் கடையிலும் உங்கள் கார் என்ஜின் ஓரமாகத்தான் கிடக்கும். அதற்குப் பிறகு கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரமும். மாசி, பங்குனிதான் தோது.

படகு மெக்கானிக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலைக் காதாலேயே கண்டுபிடிக்கிற கைகாரர்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் இருக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க அவர்களைக் கூப்பிடுங்கள். ஆனால் படகு என்ஜின் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுவது. கார் என்ஜின் நான்காயிரம் சுற்றுக்கு மேல் போகும். கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று பேரிங் போடுவது அங்கே தாங்கலாம், இங்கே தாங்காது. அளவுக் கருவி வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு என்ஜினை ஒப்படையுங்கள்.

இறக்குவதும் கழற்றுவதும்

உப்புப் பிடித்த போல்ட்டுகளோடு சண்டை போடாதீர்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட், ஹீட்டர் பிளக், நாசில் மூன்றும்தான் முறியும். வேலை தொடங்குவதற்கு முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். ஹீட்டர் பிளக்கை என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். உள்ளே முறிந்தால் லேத் செலவு தனி.

எந்த வயர், எந்தப் பைப் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைப் பாகம் பாகமாகத் தனித்தனி டப்பாவில் போடுங்கள். ஏ.சி. கேஸை மெக்கானிக்கிடம் சொல்லி முறையாக எடுத்துவிட்டு லைனைக் கழற்றுங்கள். முடிந்தால் கம்ப்ரஸரை லைனோடேயே ஓரமாகக் கட்டி வைப்பது நல்லது.

என்ஜின் நூறு கிலோவுக்கு மேல். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக்கை மாட்டித் தூக்குவது நம் ஊரில் சாதாரணம். கிளை முறிந்தால் கீழே இருப்பது உங்கள் கால். இரும்புச் சட்டமோ வாடகைக்கு என்ஜின் கிரேனோ ஏற்பாடு செய்யுங்கள். தொங்கும் என்ஜினுக்கு அடியில் கையைக்கூட விடாதீர்கள்.

கழற்றும்போது பிஸ்டன், கன்ராட், கன்ராட் மூடி, வால்வு எல்லாவற்றுக்கும் எண் போட்டு வையுங்கள். கன்ராட் மூடியை மாற்றிப் போட்டால் அந்த வட்டம் மறுபடி வட்டமாக வராது. டைமிங் பெல்ட்டைக் கழற்றும்முன் மார்க்குகளைப் படம் எடுங்கள்.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது

திறந்தவுடன் கழுவாதீர்கள். அழுக்கோடு முதலில் பாருங்கள், காரணம் அதில்தான் இருக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்லெட்வரை உள்ள ரப்பர் குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். நைசாக மணல் ஒட்டினால் உங்கள் போரைத் தின்றது அதுதான். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனை போகிற சாலையில் காற்று நாளில் மணல் படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மணல் ஃபில்டர் தாளைத் தாண்டி வருவது குறைவு. பெட்டியின் மூடி வளைந்த இடத்திலும், கிளிப் உடைந்த இடத்திலும், வெடித்த ரப்பர் குழாயிலும் நுழைந்துவிடுகிறது. போர் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தேய்ந்திருந்தால் இந்தக் கதையோடு ஒத்துப்போகும்.

பிறகு தண்ணீர் ஓடும் பக்கம். ஹெட்டைத் தூக்கியதும் பிளாக்கின் தண்ணீர் ஓட்டைகளுக்குள் டார்ச் அடியுங்கள். செங்கல் நிறத்தில் சேறு இருந்தால் யாரோ போர்வெல் தண்ணீரை வருஷக் கணக்காக ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கம் நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர். அதில் உள்ள உப்பு, அலுமினிய ஹெட்டின் தண்ணீர் ஓட்டை ஓரங்களை அரித்துப் பள்ளம் பண்ணும். பள்ளம் சிலிண்டர் விளிம்புவரை வந்திருந்தால் கேஸ்கெட் அங்கே நிற்காது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு பிளக்குகளைக் குத்திப் பாருங்கள். சல்லடையாகிவிட்டிருந்தால் அத்தனையையும் மாற்றுங்கள். என்ஜின் ஏறிய பிறகு அவற்றில் சிலவற்றைத் தொடவே முடியாது.

இப்போது அளவு. போர் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்க் வாக்கிலும் குறுக்கு வாக்கிலும் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஆறு எண். லேத்துக்காரர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள். "தம்பி, கீழ எழுபத்தஞ்சு பாயின்ட் பூஜ்யம் ரெண்டு. மேல பாரு, எழுபத்தஞ்சு பாயின்ட் ஒண்ணு ஒம்போது. இதுக்கா ரிங் மட்டும் போடச் சொன்னாங்க?" என்று அவர் கேஜைத் திருப்பிக் காட்டினால், அந்த 0.17 மி.மீ. வித்தியாசம்தான் உங்கள் நீலப்புகை. பொதுவாக 0.10 முதல் 0.15 மி.மீ.க்கு மேல் போனால் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட வேண்டும். போட முடியாத அளவு தேய்ந்திருந்தால் லைனர் (உள்ளே செருகும் குழாய்) அடித்து ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். கிராங்க் ஜர்னல்களை (பேரிங்கில் உட்காரும் உருளைப் பகுதிகள்) மைக்ரோமீட்டரில் இதேபோல இரண்டு வாக்கில் அளக்க வேண்டும். நகத்தால் கீறிப் பார்க்கும்போது கோடு தட்டுப்பட்டால் கிரைண்டிங், அதாவது சாணை பிடித்து அளவைக் குறைப்பது.

ஹெட்டை நேர்க்கோல் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.10 மி.மீ. நுழைந்தால் ஃபேஸ் அடிக்க (சமமாக இழைக்க) வேண்டும். வால்வு இரண்டுக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் போடாமல் எந்தப் பழைய டீசல் ஹெட்டுக்கும் பணம் செலவழிக்காதீர்கள். ஃபேஸ் அடித்தபின் வால்வு எவ்வளவு உள்வாங்கி நிற்கிறது என்று மறுபடி அளக்க வேண்டும். இந்த என்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு.

லேத்தில்

போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை மூன்றும் ஒரே கூரைக்கடியில் வேண்டுமானால் மதுரைக்குப் போய்விடுவது நல்லது. ராமநாதபுரத்திலிருந்து நூற்றுப் பத்துச் சொச்சம் கிலோமீட்டர். இரண்டுமுறை போய்வரும் செலவு, சரியான அளவுக்கு முன்னால் பெரிதில்லை.

வரிசை முக்கியம். அளந்து, எந்த ஓவர்சைஸ் என்று முடிவு செய்து, பிஸ்டன் கிட்டை வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அந்தந்தச் சிலிண்டரை அதற்கேற்பப் போர் போடுபவர்தான் நல்ல லேத்துக்காரர். போர் போட்டதும் ஹோனிங்கில் (கல் வைத்து உள்சுவரைத் தேய்ப்பது) குறுக்குக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ஆயில் தங்காது, ரிங் படியாது. கிராங்க்கில் ஜர்னலின் ஓர வளைவைக் கூர்மையாக வெட்டிவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். கூர்மையான மூலையில்தான் கிராங்க் முறியும்.

வாங்கிக்கொண்டு வரும்போது, இழைத்த இடம் அத்தனையிலும் லேத்திலேயே ஆயில் பூசி, பாலிதீன் பையில் கட்டி வாருங்கள். மதுரையில் இரண்டு நாள் தாங்குகிற இழைத்த இரும்பு, பாம்பன் காற்றில் ஒரே ராத்திரியில் செம்பழுப்பாகும். அந்தத் துருவைத் தாள் போட்டுத் தேய்த்து எடுத்தால் கொடுத்த அளவும் போயிற்று.

கழுவுவது

எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. ஹோனிங் கல்லின் பொடி போரின் கோடுகளுக்குள் புகுந்திருக்கும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் ஆயில்தான் போகும், பொடி போகாது. சுடுதண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்து, நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு உள்ளே துடையுங்கள். சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடி சோப்பு. துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

கழுவும் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருக்கக்கூடாது. கேன் தண்ணீர் வாங்குங்கள். உவர்நீரில் அலசிய பிளாக், காயும்போதே துருப்பிடிக்கும். கம்ப்ரஸர் காற்றடித்துக் காயவைத்த கையோடு போரில் ஆயில் பூசிவிடுங்கள். பிளாக்கின் ஆயில் வழிகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, நீளப் பிரஷ் விட்டுத் தேயுங்கள். கிராங்க்குக்குள் ஓடும் ஆயில் ஓட்டைகளையும் அப்படியே. பேரிங் உடைந்த என்ஜினாக இருந்தால் ஆயில் கூலரைக் கழுவி நம்பாதீர்கள், புதுசு போடுங்கள்.

கழுவியதிலிருந்து ஹெட் ஏறும்வரை என்ஜின் மூடியே இருக்க வேண்டும். கதவில்லாத ஷெட்டில், மத்தியானக் காற்றில் பேரிங் போடாதீர்கள். காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் செய்யுங்கள்.

கோர்ப்பது

புது ரிங்கை அப்படியே பிஸ்டனில் மாட்டிவிடக்கூடாது. ஒவ்வொன்றையும் அதற்குரிய சிலிண்டரில் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 75 மி.மீ. போருக்கு 0.25 முதல் 0.40 மி.மீ.வரை எதிர்பார்க்கலாம். இடைவெளி இல்லாமல் போனால் சூட்டில் ரிங் விரிந்து முட்டிப் போரைக் கீறும். மாட்டும்போது எழுத்துள்ள பக்கம் மேலே. வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் தள்ளித் தள்ளி.

பேரிங் இடைவெளியைப் பார்க்க பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல் விற்கிறது. ஜர்னல்மேல் ஒரு துண்டு வைத்து, மூடியை முழு டார்க்கில் முறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தைக் கவரில் உள்ள கோட்டோடு ஒப்பிடுங்கள். 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ.யை ஒட்டி வந்தால் நல்லது. கிரைண்டிங் 0.25 என்று சொல்லிவிட்டு 0.50 பேரிங் கவரில் வந்து சேர்வதெல்லாம் நடக்கும். அது இந்த நூலில் அகப்பட்டுவிடும். எல்லா மூடியும் முறுக்கியபின் கிராங்க் கையால் சுற்ற வேண்டும். எந்த மூடியை முறுக்கும்போது பிடிக்கிறதோ அங்கே நின்று காரணம் தேடுங்கள்.

ஹெட் கேஸ்கெட் வாங்குவதற்கு முன், பிஸ்டன் உச்சியில் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜில் பாருங்கள். பல டீசல் என்ஜின்களுக்கு இரண்டு மூன்று கனத்தில் கேஸ்கெட் உண்டு. ஓரத்தில் உள்ள ஓட்டை அல்லது வெட்டின் எண்ணிக்கை கனத்தைச் சொல்லும். ஹெட் போல்ட் புதுசு போடுங்கள். போல்ட் இறங்கும் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முறுக்கும்போது திரவம் அழுந்திப் பிளாக் வெடிக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேனுவல் சொன்ன வரிசையில், சொன்ன படிகளில், டார்க் ரெஞ்சால். கை அளவு வேண்டாம், எத்தனை வருஷ அனுபவமாக இருந்தாலும்.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். மார்க் சேர்த்தபின் ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மார்க் மறுபடி சேர்கிறதா பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

நாசில்களையும் பம்பையும் டீசல் லேபில் கொடுத்துவிடுங்கள், வீட்டில் திறக்கிற சாமான் இல்லை. ஒழுகுகிற ஒரு நாசில் புது பிஸ்டனின் தலையில் ஓட்டை போடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டிசையர்போன்ற காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போவது) ரெயில் பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல். ஓடும்போது பைப் நட்டை இளக்கிப் பார்க்கும் பழைய வித்தையை அங்கே செய்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

காரணத்தை அடைப்பது

ஏர் ஃபில்டர் பெட்டி வளைந்திருந்தால் புதுசு. ரப்பர் குழாய் புதுசு. கிளிப் புதுசு. இந்த மூன்றும் ஒரு ரிங் செட்டின் விலையைவிடக் குறைவு, ஆனால் பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படுவது இவைதான்.

ரேடியேட்டரின் இலைகள் கைபட்டு உதிர்ந்தால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள். கலந்து வருகிற கூலன்ட்டை அப்படியே ஊற்றுங்கள். அடர்த்தியானது வாங்கினால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைச் சரிபாதி சேருங்கள். வழியில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், டிக்கியில் ஒரு கேன் கூலன்ட் வையுங்கள்.

தெர்மோஸ்டாட். "நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்குண்ணே, எடுத்துடுறேன்" என்பார்கள். விடாதீர்கள். அதை எடுத்தால் என்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வருவதற்கே நேரமாகும், டீசல் அரைகுறையாக எரியும், ஆயிலில் கரி சேரும், புது ரிங் படியாது. பல என்ஜின்களில் அந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி, ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும். புது தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார்த்துவிட்டு மாட்டுங்கள். அந்தப் புது எர்த் வயரையும் மறக்காதீர்கள். முனைகளில் கிரீஸ் பூசுங்கள்.

முதல் ஸ்டார்ட், முதல் ஆயிரம்

ஆயில் ஃபில்டரை நிரப்பி மாட்டி, டீசல் சொலினாய்டைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். அதன்பிறகு டீசலைக் கொடுத்து எழுப்புங்கள். காற்று வாயை அடைக்க ஒரு பலகை கையில் இருக்கட்டும். பிரஷர் கேஜ் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

ஓடத் தொடங்கியதும் மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது பழைய பழக்கம். ரிங்குக்கு அதுதான் கெடுதல். கசிவு பார்த்து, சூடாகிக் காற்றுக்குமிழி போனதும் சாலைக்குக் கொண்டுபோங்கள். ரிங் போரோடு படிவதற்கு மேலிருந்து வாயு அழுத்தம் வேண்டும், அதாவது மிதமான பாரம் வேண்டும். ஆனால் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை நேராக, தட்டையாக இருப்பதால் கால் ஒரே இடத்தில் நின்றுவிடும். அப்படி விடாதீர்கள். நாற்பதிலிருந்து அறுபத்தைந்துவரை இழுத்து, காலை எடுத்துத் தானாக இறங்கவிட்டு, மறுபடி இழுங்கள். மேல் கியரில் திணறவிடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

வாடகைக்கு ஓட்டுபவர்களுக்குத் தனியாக: பயணிகள் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோவிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வரும்வரை ஏ.சி.யைப் போட்டு ஐடிலில் தூங்குவதை இந்த ஆயிரம் கிலோமீட்டருக்காவது விடுங்கள். பாரமில்லாமல் ஓடும் புது போர் பளபளவென்று மெருகேறிப் போகும். அப்புறம் ரிங் எப்போதுமே படியாது, ஆயில் குடிப்பது நிற்காது, திரும்ப ஹோனிங்தான்.

முதல் நிரப்பலுக்கு 15 டபிள்யூ 40 மினரல் ஆயில் போதும், சிந்தடிக் வேண்டாம். ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் மினுமினுப்பு இருந்தால் ரிங் படிகிறது, சாதாரணம்; செம்பு நிறத் துணுக்கோ நகத்தில் தட்டுப்படும் செதிலோ இருந்தால் வண்டியை எடுக்காமல் பேரிங்கைப் பாருங்கள். ஹெட்டை மறுபடி முறுக்க வேண்டுமா என்பது மேனுவலைப் பொறுத்தது. மேனிஃபோல்டு நட்டு, மவுன்டிங், ஹோஸ் கிளிப் எல்லாவற்றையும் ஒருமுறை முறுக்கிவிடுங்கள். லேத்தில் எழுதிய அளவுத் தாளை, எந்தச் சைஸ் பிஸ்டன், எந்தச் சைஸ் பேரிங் என்று சேர்த்தெழுதி ஆர்.சி. கவருக்குள் வையுங்கள், அடுத்தமுறை திறப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.